சைகஸ் வளர்ப்பு: கேள்வியும் பதிலும்

கேள்வி: அக்கா, சேகோ பாம் என்று வாங்கி வைத்தேன். ஒரு வருடமாக ஒரு ஓலைகூட புதிதாக வரவில்லை. பட்டுப்போய்விட்டதா?

பதில்: பெயரில்தான் பாம். இது பனை வகையே இல்லை, பூ பூக்காமல் விதை விடும் மிகப் பழைய சைகஸ் குடும்பம். வருடத்துக்கு ஒருமுறைதான் மொத்தக் குருத்தும் ஒன்றாகக் கிளம்பும், சில வருடம் அதுவும் வராது. அடிமரத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். மெத்தென்று அமுங்கினால் அழுகல். பெரும்பாலும் தண்ணீர் அதிகமானதால்தான் அப்படி ஆகும். மணல் கலந்த மண், நல்ல வெயில், மண் காய்ந்த பிறகு தண்ணீர், இது போதும்.

கேள்வி: புதுக் குருத்து மஞ்சளாகி, நுனி கருகிச் சுருண்டு வருகிறதே?

பதில்: மாங்கனீசு பற்றாக்குறை. காரத்தன்மை உள்ள மண்ணில் அடிக்கடி வரும். மாங்கனீசு சல்பேட் கொடுங்கள். கெட்ட ஓலை திரும்பாது, அடுத்த குருத்து நன்றாக வரும். ஓலையின் அடியில் வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் அது வேறு, செதில் பூச்சி.

கேள்வி: மண்ணுக்கு மேலே பவளம் மாதிரி வேர் முடிச்சுகள். வெட்டி விடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! அதற்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது.

கேள்வி: ஜப்பானில் இதன் விதையைச் சாப்பிடுவார்களாமே, நாமும் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து முயற்சிக்காதீர்கள். செடி முழுவதும் நஞ்சு, விதையில் மிக அதிகம். சைகசின் என்ற அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். அமாமி தீவுகளில் விதையை இடித்து, பலமுறை நீரில் ஊறவைத்து, புளிக்கவைத்து மாவெடுப்பார்கள். அதில் 'நாரி மிசோ' என்ற விழுதும் செய்வார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவம் அது. 1920களில் சர்க்கரை விலை சரிந்து, கரும்பை நம்பியிருந்த ஒகினாவா தீவு மக்கள் பட்டினி கிடந்தபோது, நஞ்சு சரியாக நீங்காத சைகஸைத் தின்று செத்தவர்கள் உண்டு. அந்தக் காலத்தையே 'சோதெட்சு நரகம்' என்கிறார்கள். சோதெட்சு என்பது இந்தச் செடியின் ஜப்பானியப் பெயர். வீட்டில் நாயோ குழந்தையோ இருந்தால் உதிர்ந்த விதைகளை உடனே பொறுக்கி விடுங்கள். ஒன்றிரண்டு விதையே நாயைக் கொன்றுவிடும்.

கேள்வி: நடுவில் நீளமான கூம்பு வந்திருக்கிறது. விதை கிடைக்குமா?

பதில்: அது ஆண் செடி. பெண் செடியில் பழுப்பு மயிரடர்ந்த உருண்டைக் கொத்து வரும். இரண்டும் இருந்தால்தான் விதை பிடிக்கும். இதன் ஆணணு நீந்திப் போய்க் கருவுறச் செய்கிறது என்பதை 1896இல் இக்கேனோ என்ற ஜப்பானியர் கண்டுபிடித்தார். எனக்கு இன்றும் வியப்புதான்! உங்களுக்குப் புதுச் செடிதான் வேண்டுமென்றால் அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து, ஓலைகளை நறுக்கி, வெட்டுக்காயம் உலர்ந்த பிறகு நடுங்கள். வேர் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்.