வாசகர் கேட்டவை: ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே

கேள்வி: போர்ட் லூயிஸைவிட எங்கள் ஊர் குளிர்ச்சி. உயரே போனால் குளிரும் என்பதற்கு இதைத்தான் உதாரணம் சொல்வார்கள். ஆனால் 50 கிலோமீட்டரில் காற்று சூடாகி, அதற்கு மேல் மறுபடி குளிர்வதாக மகளின் பாடநூலில் இருக்கிறதே? (வாசகி, கியூர்பிப், மொரீஷியஸ்)

பதில்: இரண்டும் சரிதான். அந்தந்த உயரத்தில் அடுப்பு எது என்று பாருங்கள். நாம் வாழும் கீழடுக்கில் தரையும் கடலும்தான் அடுப்பு. அதைவிட்டு விலக விலக, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கியூர்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரம். தைப்பூச வெயிலில் போர்ட் லூயிஸ் வேர்க்கும்போது உங்களுக்கு மூன்றரை டிகிரி சலுகை. மொரீஷியஸ் போன்ற வெப்பமண்டலத் தீவுகளுக்கு மேல் இந்தக் குளிர்ச்சி சுமார் 17 கிலோமீட்டர் வரை தொடரும்.

அதற்கு மேலுள்ள, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் மீளடுக்கில் அடுப்பு ஓசோன். சூரியனின் புற ஊதாக் கதிரை அது விழுங்கிச் சூடாகிறது. ஓசோன் அடர்த்தி அதிகம் இருப்பது 20 முதல் 25 கிலோமீட்டரில். சூடு உச்சத்தைத் தொடுவதோ 50-ல். காரணம், கதிர் முதலில் படுவது மேலே. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரே அடுப்பில் அண்டா நீர் சுட நேரமாகும், டம்ளர் நீர் உடனே கொதிக்கும். சூடு என்றதும் பயப்பட வேண்டாம், 0 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும்.

50-க்கு மேல் 85 கிலோமீட்டர் வரை மெசோஸ்பியர் எனும் இடையடுக்கு. அங்கே ஓசோனும் அரிது, தரையும் எட்டாது. இருக்கிற கரியமில வாயு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக நேரே விண்வெளிக்கு விட்டுவிடுகிறது. அதனால் உச்சியில் மைனஸ் 90 டிகிரி வரை இறங்கும். கீழே நம்மைச் சூடாக்கும் அதே வாயு, கூடக்கூட மேலடுக்கைக் குளிரவைக்கிறது!

பாடநூல் படத்தில் அடுக்குகளைச் சம அளவில் வரைவது நல்லதல்ல. காற்றின் எடையில் 99.9 விழுக்காடு 50 கிலோமீட்டருக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: இடையடுக்குக்குள் ஒரு கருவியை அனுப்பி நிறுத்தி வைக்க முடியாதா? (வாசகர், செயிண்ட் ஆந்த்ரே, ரெயூனியன்)

பதில்: முடியாது. வானிலை பலூன் 30, 35 கிலோமீட்டரில் வெடித்துவிடும். செயற்கைக்கோளோ 150 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் காற்றின் உராய்வில் விழுந்துவிடும். ஆய்வு ராக்கெட் சில நிமிடம் ஊடுருவிப் போகும், அவ்வளவே.

தரையிலிருந்தே நீடித்து அளக்க லேசர் ஒரு நல்ல வழி. உங்கள் தீவிலேயே, மாய்தோ உச்சியில் 2,160 மீட்டர் உயரத்தில் அப்படி ஒரு ஆய்வகம் இருக்கிறது. லேசர் துடிப்பு 80 கிலோமீட்டர் போய்த் திரும்ப, நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எந்த உயரத்திலிருந்து எவ்வளவு ஒளி சிதறி வந்தது என்று எண்ணினால் காற்றின் அடர்த்தி தெரியும். அடர்த்தியிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். சிக்கல் இங்கேதான். கணக்கை உச்சியில் ஓர் ஊக வெப்பநிலையோடு தொடங்கிக் கீழே வர வேண்டும். ஊகம் பிசகினால் மேலேயுள்ள சில கிலோமீட்டருக்கு விடையும் பிசகும். 10, 15 கிலோமீட்டர் இறங்கியபின் பிழை கரைந்துவிடும். எனவே வரைபடத்தின் தலைப்பகுதியை யாரும் அப்படியே நம்புவதில்லை. திரும்பி வரும் ஒளி மிகச் சொற்பம் என்பதால் பகல் வெளிச்சமும் மேகமும் எதிரி.

கேள்வி: எரிகல் எவ்வளவு உயரத்தில் எரிகிறது என்று நாமே அளக்கலாமா? (பள்ளி அறிவியல் மன்றம், ரோஸ் ஹில்)

பதில்: தாராளமாக. டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் மழை. அவை புறப்படும் புள்ளி பின்னிரவு இரண்டு மணியளவில் வடவானில் நன்கு ஏறியிருக்கும். ஒரு குழு கிராண்ட் பேயில், இன்னொன்று லெ மோர்னில். இடையே சுமார் 55 கிலோமீட்டர். இருவரும் நேர்மேலே கேமராவை வைத்தால் இருவேறு வானத்தைப் படமெடுப்பீர்கள், பலர் தவறுவது இதில்தான். முதல் குழு நேர்மேலே வைக்கட்டும். அடுத்தது உச்சியிலிருந்து 30 டிகிரி, அதாவது நீட்டிய கையில் மூன்று முஷ்டியளவு, கிராண்ட் பே திசையில் சாய்க்கட்டும். அகன்ற லென்ஸ், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, துளை முழுக்கத் திறந்து, 15 நொடி. ஃபோகஸை ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் கையால் பொருத்துங்கள். தானியங்கி இருட்டில் தடுமாறும். கைபேசி நேரத்தோடு கேமராக் கடிகாரங்களைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் எது எந்த எரிகல் என்று தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸில் பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிராண்ட் பேயின் உச்சியில் தெரிந்த எரிகல் லெ மோர்னில் 31 டிகிரி சாய்ந்து தெரிந்தால், உயரம் 55-ஐ 31 டிகிரியின் டேன்ஜென்ட்டான 0.6-ஆல் வகுத்தது: ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கோணத்தில் ஒரு டிகிரி பிசகினால் விடையில் நான்கு கிலோமீட்டர்வரை மாறும். நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டே கோணம் எடுங்கள். முஷ்டிக்கணக்கு கேமராவைத் திருப்ப மட்டுமே போதும்.

கேள்வி: ஒளிரும் இரவு மேகங்கள் டர்பனில் தெரியுமா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: தெரியாது. 83 கிலோமீட்டரில் பனித்துகள் உறைய, துருவக் கோடையில் வரும் மைனஸ் 120 டிகிரிக்கும் கீழான குளிர் வேண்டும். டர்பன் இருப்பது தென் அட்சரேகை 30 பாகையில்; பார்க்க 50 பாகைக்கு அப்பால் போக வேண்டும்.