அந்த இரண்டு ஏக்கர் அப்படியே இருக்கட்டும்

உங்கள் மகளுக்கு நீட்டில் இரண்டாவது முறையும் இடம் கிடைக்கவில்லை. "ரெண்டு ஏக்கரை வித்தாவது மேனேஜ்மென்ட் கோட்டால சேர்த்துடுங்க" என்று பெரியப்பா நெருக்குவதாகச் சொல்லி நீங்கள் இருவரும் கலங்கினீர்கள். கவலை புரிகிறது. ஆனால் நிலத்தை விற்க நான் சம்மதிக்க மாட்டேன். ஃபீஸ் கட்டப்போவதும் அவர் இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

அவளிடம் தனியாகப் பேசினேன். டாக்டர் வேலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்களை, தொழுவம், மொட்டைமாடி என்று மூன்று இடங்களில் திறந்து வைத்து, எதில் என்ன நிறத்தில் நுண்ணுயிர் படர்ந்தது என்று நோட்டில் எழுதிய கதையைத்தான் அரை மணி நேரம் சொன்னாள். "இதெல்லாம் எங்கிருந்து சார் பறந்து வருது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். காற்றை வடிதாள் வழியே இழுத்து, அதில் படிந்ததிலிருந்து டிஎன்ஏ பிரித்து, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் என்ற மரபணுவைப் படிப்பார்கள். ஆய்வகத் தட்டில் வளராத பாக்டீரியாக்களே அதிகம் என்பதால் இந்த வழி. அப்புறம் மண், இலை, விலங்குக் கழிவு ஆகியவற்றில் கிடைக்கும் பாக்டீரியாப் பட்டியலோடு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டு மூலத்தைக் கணிப்பார்கள். 2011இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கோடைக் காற்றின் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மண்ணிலும் இலைகளிலும் இருந்து வந்தவை. குளிர்காலத்தில் அந்நாட்டின் கிளீவ்லாந்து, டெட்ராய்ட் நகரங்களில் நாய்க் கழிவே முக்கிய மூலமாகத் தெரிந்தது! சென்னை ஐஐடியிலும் காற்று நுண்ணுயிர் ஆய்வு நடக்கிறது.

வழி இதுதான். அரசு அல்லது உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. முதல் ஆண்டிலிருந்தே புள்ளியியலும் பைத்தானும் பழக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிறகு ஜாம் அல்லது கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டும் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் குறைவுதான். எம்.எஸ்சி.யோடு நிறுத்த நேர்ந்தாலும், மருந்து தயாரிக்கும் தூய அறைகளின் காற்றில் நுண்ணுயிர் இருக்கிறதா என்று சோதிக்க மருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும்.

சனிக்கிழமை பெரியப்பாவைக் கூட்டி வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன். அவளை அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.