‘ஹனி பாய்’ படத்தில் காட்டுவதைப் போல, நடிக்கும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே உண்மையிலேயே அவ்வளவு கசப்பு வருமா?

ஏழு வயது மகனை விளம்பரப் படத்துக்கு அழைக்கிறார்கள் என்றும், இந்தப் படத்தைப் பார்த்த பிறகு தயக்கமாக இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரை சாலிகிராமத்திலும் வடபழனியிலும் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2019-இல் வெளிவந்த அந்தப் படத்தின் திரைக்கதையை ஹாலிவுட் நடிகர் ஷியா லபாஃப், மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெற்ற காலத்தில், தம் சிறுவயதை வைத்து எழுதினார். தந்தையின் சாயலில் அமைந்த பாத்திரத்தையும் அவரே ஏற்றார். எல்லோரும் அந்தத் தந்தையின் முரட்டுத்தனத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னை உலுக்கியது வேறொரு காட்சி. பிரிந்து வாழும் பெற்றோர் நேரடியாகப் பேசிக்கொள்ளாததால், தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அம்மா சொல்வதை அப்பாவிடமும் அப்பா சொல்வதை அம்மாவிடமும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனே வசைச்சொற்கள் உட்பட ஒப்பிக்கிறான். மகனின் வருமானத்திலிருந்து சம்பளம் பெற்றுக்கொண்டுதான் அந்தத் தந்தை அவனுக்குத் துணையாக வருகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் அப்பா குடித்ததில்லை. என்னை அடித்ததும் இல்லை. அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, என்னைப் படப்பிடிப்புக்கு அழைத்துச் செல்வதே அவருக்கு வேலையாயிற்று. பேசிய பணம் எப்போதும் இழுபறிதான். அப்பா கேட்டால் ‘அடுத்த ஷெட்யூலில் பார்க்கலாம்’ என்று கைவிரிக்கும் தயாரிப்பு நிர்வாகி, நான் கேட்டால் மறுக்கமாட்டார் என்பதை அப்பா கண்டுகொண்டார். மாடிப்படியின் கீழே, தோல்பையை மடியில் வைத்தபடி அந்த நிர்வாகி உட்கார்ந்திருப்பார். நான் போய், “அண்ணா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து வாங்கணும்” என்று சொல்வேன். உடம்புக்கு ஒன்றுமில்லாத அப்பா கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் அருகில் நின்றுகொண்டிருப்பார். கேமராவுக்கு முன் கிளிசரின் இல்லாமல் வராத கண்ணீர் அங்கே தானாக வரும்.

ஒரு நாள் அந்த நிர்வாகி, “பாப்பா, இனிமேல் உன்னை அனுப்ப வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லு” என்றார். நான் வெளியே வந்து, “நாளைக்குத் தர்றாராம்” என்றேன். இருவருக்கும் நடுவில் நின்று, சொற்களை மாற்றி மாற்றிக் கொண்டுபோகும் பழக்கம் எனக்கு அன்று தொடங்கியது.

பன்னிரண்டு வயதில், எதற்கோ அப்பா திட்டியபோது, “நான் சம்பாதிக்கிற பணம்தானே” என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அதன் பிறகு அவர் என்னைத் திட்டவே இல்லை. கணக்கில் பதினொரு மதிப்பெண் எடுத்த அறிக்கையை நீட்டியபோதும், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் திட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் ஏங்குகிறேன்.

பெற்றவரைப் பொதுவெளியில் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் அவரைக் கொடியவர் என்று சொல்லவில்லை. வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லாதவர் அவர். படத்தில் தந்தையை அவ்வாறு காட்டியது உண்மையல்ல என்று லபாஃபே 2022-இல் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். அதனால்தான் நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்.

எங்கள் காலத்தில் இல்லாத பாதுகாப்பு இன்று சட்டத்தில் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலோ நடிக்க வைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அந்த ரசீதை நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உங்களுக்கென்று ஒரு வருமானம் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். பாக்கிப் பணம் கேட்க வேண்டி வந்தால் நீங்களே போய்க் கேளுங்கள். அந்த நேரத்தில் மகன் உங்கள் பக்கத்தில்கூட நிற்க வேண்டாம்.