கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். இரவு அகச்சிவப்புப் படத்தில் அதன் மேல் மேகமே இல்லை. விடியும்முன் மழை கொட்டியது. செயற்கைக்கோள் படத்தை நம்பலாமா?

நம்பலாம், அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு. ஊர் குலசேகரம் பக்கம் என்றும் நேரம் விடியற்காலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் தோட்டம் வைத்திருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் ஆய்வுப் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டதே இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டி தரவிலிருந்து மேக உச்சியின் வெப்பநிலையைக் கணிப்பதுதான். அதனால் 'சாட்டிலைட் பொய் சொல்கிறது' என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. என் மாமாவே சொன்னார். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய நேரம். நள்ளிரவுக்கு மேல் போனில் படத்தைப் பார்த்து, வானம் தெளிவு என்று ரப்பர் பால் வெட்ட ஆள் அனுப்பிவிட்டார். வெட்டி முடிக்கும்முன் மழை பிடித்துக்கொண்டது. நான் போனபோது பால் பிடிக்கும் சிரட்டைகள் நிரம்பி வழிந்து, ஒவ்வொரு மரத்திலும் பட்டை நெடுக வெள்ளைக் கோடு தரைவரை இறங்கியிருந்தது. "என்ன மக்களே, நீ படித்த படிப்பு இதற்குத்தானா?" என்று வேலையாட்கள் முன்னால் கேட்டார். திண்ணையில் உட்கார்த்தி அதே படத்தை மறுபடி திறந்து காட்டினேன். அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கருவிக்கு மழை தெரியாது. கீழிருந்து வரும் 10.3 முதல் 11.3 மைக்ரான் வரை அலைநீளமுள்ள வெப்பக் கதிரை வாங்கி, அது எத்தனை டிகிரி பொருளிலிருந்து வந்திருக்கும் என்று பிளாங்க் விதிப்படி (ஒரு பொருளின் வெப்பநிலைக்கும் அது விடும் கதிருக்கும் உள்ள தொடர்பு) கணக்கிடுகிறார்கள். குளிர்ந்ததை வெள்ளையாகவும் சூடானதைக் கறுப்பாகவும் வரைகிறார்கள். இடிமேகத்தின் உச்சி மைனஸ் 60, 70 டிகிரிக்குப் போகும், பளிச்சென்று தெரியும். நம் மலையடிவாரத்தில் ஜூனில் பெய்வது பெரும்பாலும் அந்த வகை அல்ல. கடற்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி எழும்பும்போது, இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்திலேயே மேகம் முடிந்துவிடும். அதன் உச்சி 10, 15 டிகிரி. பனிக்கட்டியே இல்லாமல் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்து மழையாகிவிடும். அன்றைய படத்தில் பேச்சிப்பாறை அணைக்கு மேலே இருந்த சாம்பல் நிறத்தையும் தேங்காய்ப்பட்டணம் கடலின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அணைப் பக்கம் ஒரு பிடி வெளுப்பு, அவ்வளவுதான். அந்த ஒரு பிடிதான் மாமாவின் மரங்களை நனைத்த மேகம். போதாததற்கு, ஒரு புள்ளி என்பது 4 கிலோமீட்டர் சதுரம். ஒரு மலைச்சரிவே அதற்குள் அடங்கிவிடும்.

தலைகீழாகவும் நடக்கும். மெல்லிய கீற்று மேகம் வேட்டித் துணி மாதிரி. பின்னால் இருக்கும் விளக்கு தெரியும். மைனஸ் 50 டிகிரியில், பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேகம், 27 டிகிரித் தரையிலிருந்து வரும் கதிரில் பாதியை மேலே போக விட்டுவிட்டால், கருவி படிப்பது ஏறக்குறைய மைனஸ் 3. அதை அப்படியே உயரமாக மாற்றினால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இதனால்தான் 11, 12 மைக்ரான் இரண்டையும் கழித்துப் பார்த்து, இது கனத்த மேகமா கீற்றா என்று பிரிக்கிறோம்.

'ஆராய்ச்சி இருக்கட்டும், ஒக்கிப் புயலில் என்ன கிழித்தீர்கள்' என்று இதன் கீழ் யாராவது எழுதுவார்கள். 2017 நவம்பர் கடைசியில் நம் கடற்கரை இழந்ததை நானும் மறக்கவில்லை. நான் வானிலைத் துறைக்கு வக்கீலும் அல்ல. எச்சரிக்கை எப்போது வந்தது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். மேகத்தை அளக்கும் கருவியை அதற்காகத் திட்டாதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். மே மாதம் சம்பளம் கிடையாது. மற்ற மாதங்களிலும் எப்போது வரும் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பெயரில் இருக்கும் கௌரவத்தை வைத்துப் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட முடியுமா? கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இரவில் சாதாரண அகச்சிவப்புப் படத்தோடு நிறுத்தாதீர்கள். நுண்துளி மேகம் 3.9 மைக்ரானில் 11 மைக்ரானைவிடக் குறைவாகவே கதிரை உமிழும். அந்த வித்தியாசத்தை நிறமாக்கிய இரவுப் படங்களும் வருகின்றன, தாழ்ந்த மேகம் அதில் தனியாகத் தெரியும். மேலே உயர்ந்த மேகம் மூடியிருந்தால் அதுவும் உதவாது. அப்போது திருவனந்தபுரம் டாப்ளர் ரேடார் படத்தைப் பாருங்கள், மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து அது மழையையே காட்டும். மலை மறைக்கும் இடங்களில் அதற்கும் எல்லை உண்டு என்பதால், மாமா இப்போது வெட்டப் போகும்முன் களியல் பக்கம் இருக்கும் மச்சானுக்கு ஒரு போன் போட்டு, அங்கே தூறுகிறதா என்று கேட்டுவிடுகிறார்.