எழுத்து மாதிரி இருக்கும், ஆனா எழுத்து இல்ல

கேள்வி: ஆன்லைன்ல கணக்குப் பாடம் எடுக்குறேன். இந்த பேட்ச்ல ஒரு மாணவிக்குப் பார்வை கிடையாது, ஸ்க்ரீன் ரீடர்லதான், அதாவது திரையில இருக்குற எழுத்த வாசிச்சுக் காட்டுற மென்பொருள்லதான், படிக்கிறாங்க. நான் அனுப்புற பிடிஎஃப் எதையும் அது படிக்கலைன்னு சொல்றாங்க. எனக்கு நல்லாத்தானே தெரியுது?

பதில்: உங்க பிடிஎஃப்ப திறந்து ஒரு வரிய மவுஸால செலக்ட் பண்ணிப் பாருங்க. செலக்ட் ஆகலைன்னா அது எழுத்தே இல்ல, வெறும் படம், ஸ்கேன் பண்ணின பக்கமா இருக்கும், ஓசிஆர்ங்கிற, படத்துல இருக்குற எழுத்தக் கண்டுபிடிக்கிற மென்பொருள் போட்டு எழுத்தா மாத்தி, பிழை திருத்தித்தான் அனுப்பணும்.

செலக்ட் ஆகுதா, அப்போ அதை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க. தமிழா வராம இங்கிலீஷ் எழுத்தா வந்தா, அது பழைய ஃபான்ட். நம்ம தமிழ்ல இதுதான் பெரிய கொடுமை, பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச நோட்ஸ் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. அதுல 'அம்மா'ன்னு கண்ணுக்குத் தெரியுறது கம்ப்யூட்டருக்கு எம், கே, செமிகோலன், கே, எச், அவ்ளோதான். ஒரு பாடம் முழுக்க அந்தப் பொண்ணு காதுல இப்படி விழுந்தா எப்படிங்க படிக்கிறது? யூனிகோடுக்கு, அதாவது கம்ப்யூட்டர் தமிழத் தமிழாவே புரிஞ்சுக்குற முறைக்கு, மாத்துற கன்வெர்ட்டர் இலவசமாவே கிடைக்குது, இன்னைக்கே மாத்திடுங்க.

அடுத்து, தலைப்ப வெறுமனே போல்ட் பண்ணாம வேர்டுல ஹெடிங் ஸ்டைல் குடுங்க. என்விடிஏன்னு இலவச ஸ்க்ரீன் ரீடர் இருக்கு, அதுல எச் கீய தட்டினா ஒவ்வொரு தலைப்பா தாவிப் போகலாம், ஆனா ஹெடிங்னு நீங்க குறிச்சிருந்தாத்தான். வரைபடம் இருந்தா ஆல்ட் டெக்ஸ்ட்ல, அதாவது படத்துக்குப் பதிலா ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கிற விளக்கத்துல, 'படம் 3'ன்னு எழுதாதீங்க, கோடு எங்க ஏறுது எங்க இறங்குதுன்னு எழுதுங்க. அந்த என்விடிஏவ நீங்களும் போட்டு, மானிட்டர ஆஃப் பண்ணிட்டு உங்க பாடத்த ஒரு பத்து நிமிஷம் கேளுங்க, மிச்சத்த நான் சொல்லவே வேணாம்.

கேள்வி: வீடியோவுக்கு கேப்ஷன் தானாவே வருதே, அது போதாதா?

பதில்: போதாது. 0.5ன்னு நீங்க சொன்னது புள்ளி விட்டுப்போய் 5ன்னு வந்தா, காது கேக்காத பையன் அப்படியேதான் எழுதிக்குவான். ஒருதடவ உக்காந்து திருத்திடுங்க. அதோட 'இத இங்க கொண்டுபோனா இது வந்துரும்'னு போர்டக் காட்டிப் பேசாம, எதை எங்க கொண்டுபோறீங்கன்னு வாயால சொல்லுங்க, பார்வை இல்லாதவங்களுக்கும் அது பாடமாகும்.