கொலஸ்ட்ரால் மாத்திரை மூளையைக் கரைத்துவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. மெலிந்த உடம்பு, முட்டைகூடத் தொடமாட்டார். ஆனாலும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 204. டாக்டர் அதைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார். “மூளையே கொலஸ்ட்ரால்தான், மாத்திரை அதைக் கரைத்துவிடும், வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டியும் போய்விடும்” என்று சித்தப்பா சொன்னதால் நிறுத்திவிட்டார். பதிலுக்குச் சித்தப்பா விற்கும் சுறா ஈரல் எண்ணெய் கேப்சூலைச் சாப்பிடுகிறார். இது சரியா?

பதில்: சரியில்லை. நிறுத்தியதை இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சித்தப்பா சொன்னதில் பாதி நிஜம். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் கிட்டத்தட்ட கால் பங்கு அங்கே இருக்கிறது. பெரும்பகுதி நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறையில். அந்தச் சரக்கை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் மூளைக்குள் போக முடியாது. ரத்தத்தில் அளவு குறைந்தால் மூளை பட்டினி கிடக்கும் என்பது வெறும் பயம். சிலருக்கு மறதி, குழப்பம் வரலாம் என்று 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாத்திரைக் குறிப்பில் சேர்த்தது. அது அரிது, நிறுத்தினால் சரியாகிவிடும். அப்படித் தோன்றினால் டாக்டரிடம் சொல்லலாம், மாத்திரையை மாற்றித் தருவார்.

முழு உடம்பிலும் சுமார் 140 கிராம் கொலஸ்ட்ரால் இருக்கும். ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200 என்றால் ரத்தத்தில் ஓடுவது 6 கிராம் அளவுதான். மற்றது செல்களின் சவ்வுகளில், தசையில், தோலில், அட்ரீனல் சுரப்பியில். மாரடைப்புக்கு வழி போடுவது அந்த 6 கிராமில் உள்ள எல்டிஎல். மாத்திரை குறிவைப்பதும் அதைத்தான்.

வைட்டமின் டிக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ராலுக்கு ஒரு படி முந்தைய 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால். அது மேல்தோலில் தாராளமாக இருக்கிறது, வெயில் பட்டால் மாறும். ஸ்டாட்டினால் அது வற்றிப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இப்போது கேப்சூல். சுறா ஈரல் எண்ணெயில் நிறைந்திருப்பது ஸ்குவாலீன். உடம்பு கொலஸ்ட்ரால் செய்யும் வழியில் நடுவில் வரும் பொருள் அது. அதாவது, கொலஸ்ட்ராலைக் குறைக்கிறேன் என்று அதன் மூலப்பொருளையே காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறார் அப்பா! நம் தோலின் எண்ணெய்ப் பசையிலேயே ஸ்குவாலீன் இருக்கிறது, கடையில் வாங்க வேண்டியதில்லை. சங்கிலி வியாபாரத்தில் சொந்தக்காரர்தான் விற்கிறார், முகம் முறிக்க முடியாது. அதை நம்பித்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. ‘கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்’ விளம்பரமும் இதே ரகம். எந்தத் தாவர எண்ணெயில் சொல்லும்படி கொலஸ்ட்ரால் இருந்திருக்கிறது?

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது வேறு. மெலிந்த உடம்பு, முட்டைகூடச் சாப்பிடாதவர், 204. எல்டிஎல் 190-க்கு மேல் போனால் பரம்பரைக் கோளாறா என்று பார்க்க வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். பத்தியத்தால் மட்டும் இறங்காது. அப்பாவின் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரை, இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு மாதிரி தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தால் கொலஸ்ட்ரால் அங்கேயும் படிந்திருக்கலாம். கண்ணிமையோரம் மஞ்சள் திட்டு இருந்தாலும் கவனியுங்கள். ஆனால் அது மட்டும் போதாது, அளவு சரியாக இருப்பவர்களுக்கும் வரும். குதிகால் சாதாரணமாக இருந்தாலும் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது.

தாத்தா, அத்தை யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா? இந்த ஒரு கேள்வியைக் கேட்க நம் ஆஸ்பத்திரிகளில் யாருக்கும் நேரமில்லை. ஆனால் எண்பது டெஸ்ட் ‘பேக்கேஜ்’ எழுதிக்கொடுக்க மட்டும் நேரம் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பேக்கேஜ் வேண்டாம். நீங்களும் உடன்பிறந்தவர்களும் லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை மட்டும் பாருங்கள், அப்பாவின் பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். கேப்சூல் டப்பாவையும் டாக்டரிடம் காட்டுங்கள்.