செஷனோடு ஒட்டிக்கொண்டு வருபவை: விக்கெட் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாச்சி விக்கெட்டில் (ஜாவாவில் வலைப்பக்கங்கள் எழுதும் ஃப்ரேம்வொர்க்) பக்கம் நன்றாகத்தான் திறக்கிறது. லாகில் மட்டும் 'நாட்சீரியலைசபிள் எக்செப்ஷன்' (பைட்டுகளாக்கிச் சேமிக்க முடியவில்லை என்ற பிழை). பக்கத்தின் ஃபீல்டில் இருக்கும் ஒரு சர்வீஸ் கிளாஸைக் காட்டுகிறது. அந்த சர்வீஸ் கிளாஸை சீரியலைசபிள் ஆக்கிவிட்டால் போதுமா?

பதில்: வேண்டாம். அடுத்து அதற்குள் இருக்கும் டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பைத் தருவது) மாட்டும், அப்புறம் கனெக்‌ஷன் பூல். வாலைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டியதுதான். ஸ்டேட்ஃபுல் பக்கத்தை (தன் நிலையை நினைவில் வைத்திருக்கும் பக்கத்தை) விக்கெட் பைட்டுகளாக்கி டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. பக்கத்தின் ஃபீல்டுகள் எதையெல்லாம் பிடித்திருக்கின்றனவோ, அத்தனையும் கூடவே போகும். எழுத முடியாமல் போனது உடனே தெரியாது. பயனர் பேக் பட்டனை அழுத்தி, பழைய பக்கம் தேவைப்படும்போதுதான் 'பேஜ் எக்ஸ்பையர்டு' என்று வந்து நிற்கும்.

அந்த சர்வீஸ் ஸ்பிரிங் பீன் (ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் உருவாக்கிப் பராமரிக்கும் ஆப்ஜெக்ட்) என்றால் ஃபீல்டின் மேல் 'ஸ்பிரிங்பீன்' அனோட்டேஷன் போடுங்கள். அப்ளிகேஷன் கிளாஸில் ஸ்பிரிங் இன்ஜெக்டரையும் பதிவு செய்திருக்க வேண்டும். பீனுக்குப் பதில் ஒரு சின்ன ப்ராக்ஸிதான் (அதன் சார்பில் நிற்கும் ஆப்ஜெக்ட்) எழுதப்படும். குற்றவாளி எது என்று தேட வேண்டியதில்லை: பிழைச் செய்தியிலேயே ஃபீல்டுகளின் பாதையை வரிசையாகப் போட்டு, சிக்கலான இடத்தில் அம்புக்குறியும் இருக்கும். அதைப் படிக்காமல் ஸ்டாக் டிரேஸுக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: பக்கத்தில் ஃபீல்டே இல்லை. ஆனாலும் ஹைபர்நேட் என்டிட்டி (டேட்டாபேஸ் பதிவைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) எழுதப்படுகிறதே?

பதில்: கன்ஸ்ட்ரக்டருக்கு வந்த என்டிட்டியை ஏதாவது லேம்டாவிலோ (பெயரில்லாத ஃபங்ஷன்) அனானிமஸ் கிளாஸிலோ பயன்படுத்தியிருப்பீர்கள். கம்பைலர் அதைச் சத்தமில்லாமல் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். லோடபிள்-டிடாச்சபிள் மாடலுக்குள்ளும் (தேவைப்படும்போது தரவை எடுத்து, ரிக்வெஸ்ட் முடிந்ததும் விட்டுவிடும் விக்கெட் மாடல்) இதே கதைதான். உள்ளே ஐடியை மட்டும் அனுப்பி, லோடு மெத்தடில் என்டிட்டியை எடுங்கள்.

கேள்வி: ஃபீல்டுக்கு டிரான்சியன்ட் ('இதை எழுதாதே' என்னும் ஜாவா சொல்) போட்டேன். இப்போது நல்பாயின்டர் பிழை!

பதில்: திரும்ப வாசிக்கும்போது அந்த ஃபீல்டு நல் ஆகத்தான் வரும். மறுபடி உருவாக்கிக்கொள்ள வழி இருந்தால் மட்டும் டிரான்சியன்ட். லாகருக்கு ஸ்டாட்டிக் போதும்.

கேள்வி: வெறும் ஸ்ட்ரிங் லிஸ்ட்தானே, அதிலுமா நாட்சீரியலைசபிள் பிழை?

பதில்: அர்ரேலிஸ்டின் சப்லிஸ்டோ, ஹேஷ்மேப்பின் கீசெட்டோ ஆக இருக்கும். இரண்டும் சீரியலைஸ் ஆகாது. புதிய அர்ரேலிஸ்டில் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: புதிய வார் (அப்ளிகேஷனின் தொகுப்புக் கோப்பு) ஏற்றியதும் டாம்கேட்டில் (அதை இயக்கும் சர்வர்) 'இன்வேலிட்கிளாஸ் எக்செப்ஷன்'.

பதில்: கிளாஸ் மாறிவிட்டது, டிஸ்க்கில் சேமித்த பழைய செஷன் (பயனரின் லாகின் நிலை முதலியவை) மாறவில்லை. சீரியல்-வெர்ஷன்-யூஐடியை (கிளாஸின் பதிப்பு எண்) நீங்களே கொடுங்கள். ஏற்கெனவே எழுதப்பட்ட செஷன்களுக்கு அது உதவாது. டாம்கேட்டை நிறுத்திவிட்டு, ஒர்க் டைரக்டரியில் உள்ள செஷன்ஸ் கோப்பை ஒருமுறை அழித்துவிடுங்கள். எல்லோரும் திரும்ப லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.